பார்த்ததற்குக் கூலி

"பழுது பார்ப்பது" என்று நம் பெரியவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். எதையாவது கழற்றி மாற்றுவதற்கு முன்னால் பழுது எங்கே என்று பார்க்க வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இப்போது நம் ஊர்களில் பார்ப்பது குறைந்து மாற்றுவது அதிகமாகி விட்டது. அதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நமக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஸ்கூட்டரைக் காலையில் ஒர்க்‌ஷாப்பில் விடுகிறோம். சாயங்காலம் போனால் மெக்கானிக் ஒரு பழைய பிளக், அழுக்கு ஏறிய ஏர் ஃபில்டர் இரண்டையும் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுக்கிறார். "இதெல்லாம் மாத்திட்டேன் சார்" என்கிறார். நமக்குப் பரம திருப்தி. கேட்டதைக் கொடுத்து விட்டு வருகிறோம். அதே மெக்கானிக், "ஒரு மணி நேரம் தேடினேன் சார், ஒரு ஒயர் விட்டுப் போயிருந்தது, சேர்த்துட்டேன். இருநூறு ரூபாய் ஆச்சு" என்று சொல்லட்டும். நம் முகம் எப்படிப் போகும்? "ஒண்ணுமே மாத்தலையே, அதுக்கு எதுக்குப்பா இருநூறு?"

அவரும் மனிதர்தானே. கண்டுபிடித்தால் கூலி கிடைக்காது, மாற்றினால் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு அவர் எதைச் செய்வார்?

இதைப் புரிய வைக்க ஆட்டோ சோக் என்கிற எலக்ட்ரிக் சோக்கை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சின்ன சாமான். கெட்டுப் போனால் சுற்றியுள்ள எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டு விட்டுத் தான் ஒளிந்து கொள்ளும்.

சோக் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு டியூப் லைட் சோக் ஞாபகம் வரும். அது வேறு. அது குழல் விளக்கை எரிய வைக்க ஒரு உதை கொடுத்து விட்டு, பிறகு கரண்ட் அளவு மீறாமல் பிடித்து வைக்கும் காயில். வண்டி சோக்கின் வேலை பெட்ரோலோடு. எஞ்சின் சில்லென்று இருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. துளித் துளியாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக் கொள்ளும். அதனால் கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்க வேண்டும். எஞ்சின் சூடானதும் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பஜாஜ் சேத்தக் காலத்தில் இந்த வேலை நம் கையில் இருந்தது. சீட்டுக்குக் கீழே, பெட்ரோல் டேப்புக்குப் பக்கத்தில் சோக் இருக்கும். இழுத்து விட்டு உதைப்போம், வண்டி கிளம்பியதும் உள்ளே தள்ளுவோம். தள்ள மறந்து ஊர் எல்லை வரை போனவர்களும் உண்டு. வண்டி திணறும், புகை கக்கும், பின்னால் வருகிறவர் திட்டுவார். உடனே ஞாபகம் வந்து விடும்.

பிறகு வந்த கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் சிலவற்றில் இந்த வேலையை நம் கையிலிருந்து எடுத்து ஒரு மெழுகுக் கட்டியிடம் கொடுத்து விட்டார்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. கார்ப்ரேட்டரின் பக்கத்தில் கட்டை விரல் பருமனில் ஒரு உருளை இருக்கும், அதிலிருந்து இரண்டு ஒயர் வரும். அதன் உள்ளே மெழுகும், அதைச் சூடாக்க ஒரு குட்டி ஹீட்டரும் இருக்கின்றன. வண்டி சில்லென்று இருக்கும்போது மெழுகு சுருங்கி இருக்கும். கூடுதல் பெட்ரோல் போகும் துவாரம் திறந்திருக்கும். எஞ்சின் ஓடியதும் ஹீட்டருக்குக் கரண்ட் வரும், மெழுகு சூடாகி விரியும், ஒரு ஊசியை முன்னே தள்ளும், ஊசி துவாரத்தை அடைக்கும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்து விடும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம்.

நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதால் அது வேலை செய்யாவிட்டாலும் நமக்குத் தெரிவதில்லை. கையால் இழுக்கும் சோக் என்றால் தள்ளினோமா இல்லையா என்று ஞாபகம் இருக்கும். இது இருப்பதே பலருக்குத் தெரியாது.

இது இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, துவாரம் மூடாமலே இருந்து விடுவது. ஹீட்டருக்குக் கரண்ட் வராவிட்டாலும், ஹீட்டர் கருகி விட்டாலும் இப்படித்தான் ஆகும். வண்டி எந்நேரமும் கூடுதல் பெட்ரோல் குடித்துக் கொண்டே இருக்கும். இரண்டாவது, ஊசி மூடிய இடத்திலேயே சிக்கிக் கொள்வது. அப்போது காலையில் வண்டி கிளம்பாது, ஒரு முறை கிளம்பி விட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடும்.

இங்கேதான் நம் திருத்தணி வெயில் உள்ளே வருகிறது. கத்திரி வந்தால் வானிலைச் செய்தியில் சதமடித்த ஊர்களின் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் பெரும்பாலும் இருக்கும். இந்த ஊரில் சோக்கின் தேவையே மார்கழி, தை விடியற்காலையிலும் அடைமழை நாட்களிலும்தான். ஆகவே மூடாத சோக்கோடு வருடத்தில் பெரும்பகுதி ஓட்டிக் கொண்டிருக்கலாம். காலையில் செல்ஃபைத் தொட்டதும் கிளம்பும். "வண்டி சூப்பர்" என்று நினைத்துக் கொள்வோம். மத்தியானம் பேங்க்குக்குப் போய் விட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் தகராறு பண்ணும், பெட்ரோல் வாடை அடிக்கும். மைலேஜ் குறையும். மலைப் பாதையில் ஏறும்போது இழுவை இருக்காது. இதில் எதுவுமே சோக்கைக் காட்டிக் கொடுக்காது. பிளக்கைக் காட்டும், ஃபில்டரைக் காட்டும், பிஸ்டனைக் கூடக் காட்டும்.

ஊசி மூடியபடி சிக்கிக் கொண்டதென்றால் வேறு விதமான ஏமாற்றம். மார்கழிக் காலையில் செல்ஃபை அழுத்தி அழுத்தி பேட்டரி இறங்கி விடும். "பேட்டரி போச்சு சார்" என்பார்கள். புது பேட்டரி வாங்கிப் போடுவோம். அது பலமாகச் சுற்றுவதால் இரண்டு நாள் கிளம்பும். மூன்றாம் நாள் பழைய கதை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஸ்கூட்டர் லிட்டருக்கு நாற்பத்தைந்து கொடுத்துக் கொண்டிருந்தது, முப்பதுக்கு இறங்கி விட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றினார்கள். அடுத்த மாதம் ஏர் ஃபில்டர். அதற்கடுத்து கார்ப்ரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் சரியானது போல இருக்கும். கடைசியில், "ரிங் தேய்ஞ்சிருக்கும் சார், எஞ்சின் பிரிக்கணும்" என்று சொல்லி விட்டார்கள். பென்ஷன்காரருக்கு எஞ்சின் வேலை என்றால் அந்த மாதம் மருந்துக் கடை பாக்கி என்று அர்த்தம்.

நான் மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன். "கரண்ட் இல்லை" என்று போன் வந்தால் எங்களுக்கு முதல் கேள்வி எது வரைக்கும் இருக்கிறது என்பதுதான். டிரான்ஸ்பார்மரில் இருக்கிறதா, கம்பத்தில் இருக்கிறதா, வீட்டு மெயினில் இருக்கிறதா? எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று இரண்டு இடம் தெரிந்து விட்டால் பழுது அந்த இரண்டுக்கும் நடுவில்தான். இதை விட்டு விட்டு வீட்டு ஃபியூஸ் கம்பியை மாற்றி மாற்றிப் போட்டுக் கொண்டிருந்தால் விடிந்து விடும்.

"அண்ணா, பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் கொடுங்க, பார்க்கிறேன்" என்றேன். மறுநாள் விடியற்காலையில், வண்டி சில்லென்று இருக்கும்போது பார்த்தோம். சோக்கின் ஒயர் கனெக்டரைக் கழற்றி, சோக் பக்கம் மீட்டர் வைத்தால் சில ஓம் காட்டியது. அப்படியானால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. எஞ்சினை ஓட விட்டு வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் மீட்டர் வைத்தால் ஒன்றுமே இல்லை. ஒயரைத் தடவிக் கொண்டே பின்னால் போனோம். சீட்டுக்கு அடியில் எலி கடித்து வைத்திருந்தது. ஒயரைச் சேர்த்து, ஈயம் வைத்து, டேப் சுற்றியதற்கு ஆன செலவு டீக்காசு. அடுத்த இரண்டு வாரத்தில் மைலேஜ் நாற்பத்து மூன்றுக்கு வந்து விட்டது.

என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மீட்டர் பிடிக்கத் தெரிந்த எந்தப் பையனும் செய்யக் கூடிய வேலை. செய்முறையை முழுதாகச் சொல்லி விடுகிறேன், தேவைப்படுகிறவர்கள் குறித்து வைத்துக் கொள்ளலாம்.

முதலில் செலவில்லாத சோதனைகள். டயரில் காற்று சரியா, பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? இவையும் மைலேஜைக் குறைக்கும். இவற்றைப் பார்க்காமல் சோக் மேல் கை வைக்கக் கூடாது.

அடுத்து, காது. சில்லென்ற வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நிற்க விடுங்கள். நல்ல சோக் என்றால் முதலில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்து, சில நிமிடங்களில் தானாக இறங்கி நிதானமாகும். கடைசி வரை அந்த இறக்கமே இல்லை, போகப் போக எஞ்சின் திணறுகிறது என்றால் சந்தேகப்படலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக் கரி போலக் கறுப்பாக இருக்கும்.

மூன்றாவது, மீட்டர். சந்தையில் முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். சோக்கின் இரண்டு ஒயருக்கு நடுவே ஓம் பாருங்கள். சோக் சில்லென்று இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், சூடானால் அந்த ஹீட்டரின் ஓம் ஏறி விடும். எத்தனை ஓம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் ஹீட்டர் அறுந்து விட்டது, சோக்கை மாற்றத்தான் வேண்டும்.

நான்காவது, கரண்ட் வருகிறதா என்று பார்ப்பது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல வண்டிகளில் சாவி போட்டால் மட்டும் சோக்குக்குக் கரண்ட் வராது, எஞ்சின் ஓடினால்தான் வரும். சில வண்டிகளில் பேட்டரியிலிருந்து வராமல் மேக்னெட் காயிலிலிருந்து ஏ.சி.யாக வரும். மீட்டரை டி.சி.யில் வைத்துக் கொண்டு "கரண்டே வரலை" என்று தீர்ப்பு எழுதி விடக் கூடாது. இரண்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, சோக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்ப்பது. ஊசி எவ்வளவு நீட்டிக் கொண்டிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். உருளை சூடாக வேண்டும், ஊசி கண்ணுக்குத் தெரிகிற அளவு வெளியே வளர வேண்டும். சூடாகிறது, ஊசி நகரவில்லை என்றால் உள்ளே மெழுகு போயிற்று அல்லது ஊசி சிக்கியிருக்கிறது. பெட்ரோல் இருக்கிற இடத்தில் இதைச் செய்ய வேண்டாம். கம்பி தொடும்போது பொறி பறக்கும். வண்டியிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

அவ்வளவுதான். கரண்ட் வரவில்லை என்றால் ஒயர். கரண்ட் வந்தும் ஹீட்டர் சூடாகவில்லை, அல்லது ஊசி நகரவில்லை என்றால் சோக். எல்லாம் சரி என்றால் சோக் நிரபராதி, வேறு இடம் பாருங்கள். இந்தப் பதில் கிடைக்க அரை மணி நேரம் போதும். இது இல்லாமல் புது சோக் வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? வாத்தியார் வண்டியில் புது சோக்கும் அதே எலி கடித்த ஒயரில்தான் தொங்கியிருக்கும்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. "நம்ம ஊர் வெயிலுக்கு சோக் எதுக்கு?" என்று அந்தத் துவாரத்தையே அடைத்து விடுவது. சித்திரையில் அருமையாக ஓடும். மார்கழியில் செல்ஃபை அழுத்திக் கொண்டு நிற்கும்போது அடைத்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார். வண்டியை விற்று, நகரியிலோ அரக்கோணத்திலோ யாரோ வாங்கினால், அவர் தலையெழுத்து. இது பழுது நீக்கியது ஆகாது, பழுதை அடுத்தவருக்குத் தள்ளி விட்டது.

சரி, வாத்தியார் வண்டியைப் பார்த்த ஒர்க்‌ஷாப்காரர் ஏமாற்றுக்காரரா? நான் அப்படி நினைக்கவில்லை. நம் ஊரில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசிக் கொண்டு, காலை முதல் இரவு வரை கையில் கிரீஸோடு நிற்கிற பையன்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடம் ஒரு நாள் கேட்டேன், "ஏன் தம்பி, மீட்டர் வெச்சிருக்கே, முதல்ல அதை எடுக்கக் கூடாதா?"

"எடுக்கலாம் சார். அரை மணி நேரம் ஒரு வண்டிக்குப் பார்த்தா, அந்த நேரத்துல ரெண்டு வண்டி ஆயில் மாத்திடுவேன். ஆயில் மாத்தினா காசு வரும். பார்த்ததுக்கு யாரு சார் காசு தராங்க?"

என்ன பதில் சொல்வது? டாக்டரிடம் போகிறோம். அவர் நாடி பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்" என்கிறார். ஃபீஸ் கொடுத்து விட்டுக் கும்பிட்டு வருகிறோம். ஒன்றுமில்லை என்று சொன்னதற்காகவே சந்தோஷப்படுகிறோம். "மருந்தே எழுதலையே, ஃபீஸ் எதுக்கு?" என்று கேட்பதில்லை. மெக்கானிக்கிடம் மட்டும் கேட்கிறோம். அவர் பார்த்ததும் படிப்புதான். கல்லூரியில் படிக்கவில்லை, நூறு வண்டிகளைப் பிரித்துப் படித்தது.

இதற்கு ஒருவர் என்னிடம் எதிர்வாதம் சொன்னார். "பார்த்ததுக்குத் தனியாகக் காசு கொடுத்தால், பார்க்காமலே பார்த்தேன் என்பார்கள், அதற்கும் ஒரு பில் போடுவார்கள்." நியாயமான பயம். ஆனால் பார்த்தவரிடம் காட்ட ஏதாவது இருக்கும். மீட்டரில் என்ன வந்தது, எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்று சொல்லத் தெரியும். "பழைய சாமான் எங்கே?" என்று கேட்கிறோம் அல்லவா, அதே போல "எதை வைத்து இதுதான் என்று முடிவு செய்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பார்த்தவர் முகம் மலர்ந்து பதில் சொல்வார். பார்க்காதவர், "அனுபவம் சார்" என்பார்.

"இனிமேல் இந்தக் கதையெல்லாம் எதற்கு, புது வண்டிகளில் சோக்கே கிடையாதே" என்று பேரப் பிள்ளைகள் சொல்லலாம். உண்மைதான். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. ஏறக்குறைய எல்லாப் புது ஸ்கூட்டர்களும் கார்ப்ரேட்டரை விட்டு ஃப்யூவல் இன்ஜெக்ஷனுக்குப் போய் விட்டன. நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தேதியை ஞாபகம் வைத்துக் கொள்வது சுலபம். ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, படாஸ்கர் தீர்ப்பின்படி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1. சரியாக அறுபது வருடம் கழித்து கார்ப்ரேட்டர் விடைபெற்றது.

ஆனால் நம் தெருக்களில் நிற்கிற வண்டிகளை எண்ணிப் பாருங்கள். பென்ஷன்காரர்கள் வீட்டு வாசலில் இருப்பவை பெரும்பாலும் அந்தத் தேதிக்கு முந்தியவை. நாம் இருக்கும் வரை அவையும் இருக்கும். புது வண்டியிலும் கதை மாறி விடவில்லை. கோளாறு வந்தால் மீட்டர் பக்கம் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். கம்ப்யூட்டரை மாட்டினால் இன்ன சென்சார் வழியில் கோளாறு என்று ஒரு எண் சொல்லும். சென்சார் கெட்டதா, அதற்குப் போகும் ஒயரை எலி கடித்ததா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. அங்கேயும் ஒருவர் மீட்டரை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். பார்க்காமல் மாற்றினால் இப்போது போகிற காசு நூறுகளில் இருக்காது, ஆயிரங்களில் இருக்கும்.

ஆகவே ஒரு சின்ன மாற்றம் செய்யலாம் என்று தோன்றுகிறது. அடுத்த முறை வண்டியை விடும்போது, "என்ன மாத்தணுமோ மாத்திடுப்பா" என்று சொல்லாதீர்கள். "முதல்ல என்னன்னு பாரு தம்பி. பார்த்ததுக்கு நூற்றைம்பது தரேன். மாத்த வேண்டியது ஒண்ணும் இல்லைன்னாலும் தரேன்" என்று சொல்லிப் பாருங்கள். வாத்தியார் அண்ணா இப்போது அப்படித்தான் சொல்கிறார். முதல் தடவை அந்தப் பையன் நம்பவில்லையாம். "நிஜமாவா சார்?" என்று இரண்டு முறை கேட்டு விட்டு, உள்ளே போய் மீட்டரைத் தேடி எடுத்துத் தூசி தட்டினானாம்.